தாத்தா கேட்டு எடுத்த பூண்டு

பூம்பாறையில் எங்கள் படிக்கட்டு வயல்கள் தாத்தா பெயரில் இருந்தவரை வீட்டில் அவர் குரல்தான் பெரியது. எதில் பூண்டு, எதில் உருளைக்கிழங்கு என்று முடிவு செய்வதும் அவர்தான்; குழம்பில் உப்புக் குறைந்தால் தெருவுக்கே கேட்கும்படி ஏசுவதும் அவர்தான். தலை நரைக்கத் தொடங்கிய அப்பா, அவருக்கு எதிரே உட்கார்ந்துகூடப் பேசமாட்டார்.

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருடம் மழையில் பூண்டு அழுகிப் போனது. வங்கியில் கடன் கேட்கப் போன அப்பாவிடம், பட்டா உங்கள் பெயரில் இல்லையே என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். என்னைக் கொடைக்கானலில் பெரிய பள்ளியில் சேர்க்கும் பேச்சும் அதோடு நின்றது. அம்மா அடுப்படியில் அழுதாள். தாத்தா அன்று யாரையும் ஏசவில்லை. சில நாள் கழித்து அப்பாவிடம், "நாளைக்கு வெள்ளனே கெளம்பு. ஒம் பேருக்கு எழுதிக் குடுத்துர்றேன்" என்றார்.

பள்ளிக்கு மட்டம் போடும் ஆசையில் நானும் பேருந்தில் தொற்றிக்கொண்டேன். பதிவு அலுவலகத்துக்கு வெளியே, பத்திரம் எழுதுகிறவர் இடையில் நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"பெரியவரே, ஒங்க காலம் வரைக்கும் ஒரு துண்டு நெலமாவது கையில வச்சுக்கங்களேன்."

தாத்தா அப்பாவைப் பார்த்தார். அப்பா தெருவில் நின்ற ஜீப்பைப் பார்த்தார்.

"பெத்த புள்ளைகிட்ட நமக்கு எதுக்குங்க தனியா? எல்லாத்தையும் எழுதுங்க" என்றார் தாத்தா. உள்ளே படம் பிடிக்கக் குல்லாயைக் கழற்றச் சொன்னார்கள். மறுபேச்சில்லாமல் கழற்றினார்.

அதன்பின் எங்களுக்கு நல்ல காலம்தான், அதை மறைப்பதற்கில்லை. கடன் கிடைத்தது. ஒட்டன்சத்திரம் மண்டிக்குக் கேரட் லாரியில் போனது. எனக்கு ஷூவும் டையும் வந்தன. அப்பாவுக்கு அதட்டிப் பேச வந்தது. தாத்தாவை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. வேளைக்குச் சோறு, புதுக் கம்பளி, எல்லாம் இருந்தது.

அடுத்த அறுவடை முடிந்ததும் வத்தலக்குண்டிலிருந்து அத்தை வந்தாள். அவள் கிளம்பும்போதெல்லாம் பரணில் தொங்கும் பூண்டுக் கட்டுகளைத் தாத்தா சாக்கு நிறைய அள்ளிக் கொடுப்பார், யாரையும் கேட்கமாட்டார். அன்று அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"தாயி, அவளுக்குக் கொஞ்சம் பூண்டு குடுத்து விடட்டுமா?"

"என்னங்க மாமா, இதுக்கெல்லாம் கேக்கணுமா? எடுத்துக் குடுங்க" என்றாள் அம்மா. மனதாரத்தான் சொன்னாள்.

தாத்தா ஒரே ஒரு கட்டை எடுத்தார். அதையும் அம்மா கண்ணில் படும்படி தூக்கிக் காட்டிவிட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தார். அங்கே தலை பின்னிக்கொண்டிருந்த அத்தையின் கை அப்படியே நின்றிருந்தது.

"வேணாம்ப்பா. போன தடவ குடுத்ததே இன்னும் கெடக்கு" என்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்க்காமலேயே, "வெரசா போகணும்" என்று பையை எடுத்துக்கொண்டு பேருந்துக்கு நடந்துவிட்டாள். தாத்தா கட்டைத் திரும்பப் பரணிலேயே தொங்கவிட்டார்.

மறுநாள் பள்ளி வேனுக்குக் காத்திருக்கையில் அப்பாவிடம் சொன்னேன்.

"இப்பெல்லாம் தாத்தா யாரையும் ஏசுறதே இல்லப்பா. ரொம்ப நல்லவராயிட்டாரு."

அப்பா குனிந்து, சரியாகவே இருந்த என் டையை வேன் வரும்வரை சரிசெய்துகொண்டிருந்தார். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்துத்தான் நான் அதைச் சொன்னேன்.