மொட்டப்பாறைக்கு மேலே மூன்று ஹெல்மெட்

ஹெல்மெட் சோதனையை வளைவுக்கு மேலே வைத்தோம். தப்பு அதுதான்.

போகிற ஆளை நிறுத்தி எரிச்சல் மூட்டுவதுதான் போலீஸ்காரன் பிழைப்பு. ஒருத்தனிடம் அவன் தலையைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்லி, அவனிடமே வசவு வாங்கிய அனுபவம் உங்களுக்கும் இருக்கும். போலீஸில் இல்லாவிட்டால் வீட்டில். எமர்ஜென்சி முடிந்த பிறகு நான் போடிமெட்டு சாவடியில் ஏட்டு. கேரளா போலீஸ்தான், தமிழ் பேசுவேன் என்பதால் மலையில் போட்டார்கள். சாவடியிலிருந்து பூப்பாறைப் பக்கம் இரண்டு பர்லாங் இறங்கினால் மொட்டப்பாறை வளைவு. பனி மூடினால் எதிரே ஏறிவரும் தேயிலை லாரியின் சத்தம் கேட்கும், லாரி தெரியாது. முந்தின மழைக்கு அங்கே இரண்டு பேர் தலை அடிபட்டுச் செத்தார்கள். மோட்டார் சைக்கிளில் போகிறவன் ஹெல்மெட் போட வேண்டும் என்று உத்தரவு வந்ததும் எனக்கு அந்த வளைவுதான் நினைவுக்கு வந்தது.

குளிர்

முதலில் நிறுத்தியது கணேசனை. எஸ்டேட் ஃபேக்டரியில் எலக்ட்ரீசியன். வீடு சாவடிக்கு மேலே தொழிலாளர் லைனில், வேலை வளைவுக்குக் கீழே. தினமும் அந்த வளைவில் போக வேண்டும், வர வேண்டும். பெண்டாட்டி ராசாத்தி கொழுந்து எடுப்பவள்; அப்போது மாசமாக இருந்தாள். அதையும் சொல்லித்தான் மிரட்டினேன்.

அவன் தலையில் கம்பளி மப்ளர், அதன்மேல் ஒரு துண்டு. மலையில் எல்லாரும் அப்படித்தான் சுற்றிக்கொள்வார்கள். அதற்கு மேல் ஹெல்மெட் ஏறாது. மப்ளரைக் கழற்று என்றேன். என்னைப் பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தான்.

"வண்டியில விழுகுறது எப்பவாச்சும் ஒருக்கா ஏட்டையா. குளிரு தெனமும்ல அடிக்குது."

எல்லார் தலையிலும்

கேஸ் எழுதினேன். தேவிகுளம் கோர்ட்டுக்குப் போனால் ஒரு நாள் வேலை கெடும். அந்தப் பயம் வேலை செய்தது. இரண்டே வாரத்தில் சாவடியைத் தாண்டுகிற ஒவ்வொரு தலையிலும் ஹெல்மெட். எஸ்.ஐ. என் தோளில் தட்டினார். எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

ஒரு மாசம் கழித்துத்தான் உறைத்தது. நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டிய ஒரு ஹெல்மெட். எட்டு மணிக்கு அது கணேசன் தலையில் போனது. ஒன்பதரைக்கு எஸ்டேட் கம்பவுண்டர் தலையில். பதினொன்றுக்கு ஏலக்காய் வியாபாரி தலையில். அவர் தலையில் அது ஆடிக்கொண்டே போனது.

மொத்த மலைக்கும் மூன்றே மூன்று ஹெல்மெட். சாவடிக்கு மேலே பாக்கியத்தின் டீக்கடையில் எடுத்து மாட்டுவார்கள். என்னைத் தாண்டி, சாவடித் திருப்பத்துக்கு அந்தப் பக்கம் முத்தையாவின் பஞ்சர் கடையில் கழற்றிக் கொடுத்துவிட்டு மப்ளரைச் சுற்றிக்கொண்டு போவார்கள். மேலே வருகிறவன் அதை மாட்டிக்கொண்டு வந்து டீக்கடையில் இறக்குவான். மொட்டப்பாறை வளைவோ பஞ்சர் கடைக்கும் கீழே. டீக்கடையில் போய்ச் சத்தம் போட்டேன். பாக்கியம் டீ ஆற்றுவதை நிறுத்தவில்லை.

"நீங்க பாக்குறது இந்த அம்பது கெஜந்தான ஏட்டையா. அதுக்கு எதுக்கு ஆளுக்கு ஒண்ணு?"

எஸ்.ஐ.

ஹெல்மெட் இரவல் கொடுப்பது எந்தப் பிரிவில் குற்றம்? தேடினேன், இல்லை. எஸ்.ஐ.யிடம் போய், சோதனையை மொட்டப்பாறைக்குக் கீழே மாற்ற வேண்டும் என்றேன். உத்தரவில் சாவடி என்றுதான் இருக்கிறதாம். ரிப்போர்ட்டும் மேலே போய்விட்டதாம், நல்ல பெயரும் வந்துவிட்டதாம். இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர் மலையாளத்தில் கேட்டதற்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டு வந்தேன்.

"சாவடியில ஹெல்மெட் உண்டல்லோ ஏட்டே. பின்னே எந்தா பிரச்னை?"

பத்து நிமிஷம்

ஆடி மாசம், காலை ஏழரை. கை நீட்டினால் கை தெரியாத பனி. கணேசன் வந்தான். தலையில் பிளாஸ்திரி ஹெல்மெட். வார் தொங்கியது. நிறுத்தி, நானே அதை இழுத்து மாட்டிவிட்டேன். கீழே கழற்றாதே என்றேன். தலையை ஆட்டினான். ஹெல்மெட் உண்டு என்று சாவடி நோட்டில் எழுதினேன்.

பத்து நிமிஷம் இருக்கும். லாரி பிரேக் சத்தம். அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. ஓடினேன். வளைவில் மைல்கல் பக்கத்தில் கணேசன் கிடந்தான். மப்ளர் முழுக்க ரத்தம். மூச்சு இருந்தது. லாரிக்குப் பின்னால் வந்த எஸ்டேட் ஜீப்பில் நானும் முத்தையாவும் தூக்கிப் போட்டு போடி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். திரும்பி ஏறும்போது பார்த்தேன். பஞ்சர் கடை ஆணியில் ஹெல்மெட் தொங்கியது. உள்ளே கை வைத்தேன். சூடு ஆறவில்லை. முத்தையா நான் கேட்காமலே சொன்னான்.

"எங்கையிலதான் குடுத்துட்டுப் போனான் ஏட்டையா. நாந்தான் வாங்கி மாட்டுனேன்."

நோட்டு

எட்டு நாள் கணேசன் கண் திறக்கவில்லை. பிழைத்தாலும் பேச்சு வருமா என்று டாக்டருக்குச் சந்தேகம். போடி பஸ் சாவடி முன்னால்தான் நிற்கும். ராசாத்தி தினமும் தூக்குச்சட்டியோடு அங்கே வந்து நிற்பாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. என் பக்கம் திரும்ப மாட்டாள். நான் உள்ளே போய் உட்கார்ந்துகொள்வேன். கீழே போன பஸ் மேலே வருகிற நேரமெல்லாம் ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பேன். டிரைவர் என்ன சேதி சொல்வானோ என்று. ஆறாம் நாள் அவள் நேரே மேஜைக்கு வந்தாள். அழவில்லை.

"ஹெல்மெட் போட்டுத்தான் போனாருன்னு நோட்டுல எழுதியிருக்கீகளாமே. பெறகு எப்பிடி மண்ட ஒடஞ்சுச்சுன்னு எழுதுனீக?"

பஞ்சர்

அதே வாரம் முத்தையா ஹெல்மெட் வாங்குவதை நிறுத்தினான். யார் கொடுத்தாலும் கை நீட்டவில்லை. மொட்டப்பாறை தாண்டி, பூப்பாறையில் கொழுந்து எடை போடும் கொட்டகையில் கொண்டுபோய் இறக்கச் சொன்னான். யார் கேட்பார்கள்? ஏலக்காய் வியாபாரி ஹெல்மெட்டைக் கழற்றி அவன் டியூப் குவியல்மேல் எறிந்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் அவருக்கே பின் டயர் இறங்கியது. மலையில் வேறு பஞ்சர் கடை கிடையாது. முத்தையா பீடி பற்றவைத்தான், எழுந்திருக்கவில்லை. அவர் திட்டினார், கெஞ்சினார், கடைசியில் வண்டியைத் தள்ளிக்கொண்டு மூச்சு வாங்க என்னிடம் ஏறி வந்தார், புகார் கொடுக்க. பஞ்சர் ஒட்டமாட்டேன் என்பது எந்தப் பிரிவில் குற்றம் என்று கேட்டேன். வண்டியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு போனார். இருட்டுவதற்குள் இந்தச் சேதி போடி வரை போய்விட்டது. அந்த ரோட்டில் ஓட்டுகிறவன் சாவுக்குப் பயப்படமாட்டான், போலீஸுக்கும் பயப்படமாட்டான். பனியில் டயர் இறங்கி நிற்பதற்குப் பயப்படுவான். மாசம் முடிவதற்குள் ஆளுக்கொரு ஹெல்மெட் வந்தது. மப்ளரைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டார்கள். புகார் வந்த மறுநாள் நான் போனபோது முத்தையா என்னிடம் சொன்னது இவ்வளவுதான்.

"எழுதணும்னா எழுதிக்கங்க ஏட்டையா. அந்த வளைவுல மொட்டத் தலையா எறங்குறவனுக்கு நான் ஒட்டமாட்டேன்."

கணேசன்

ஒன்பதாம் நாள் கண் திறந்தான். பேச்சு வர மூன்று மாசம். இடது கை இன்றுவரை சரியில்லை. ஃபேக்டரியில் கேட் வேலை கொடுத்தார்கள். வண்டியை விற்றுவிட்டான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு நாள் பஸ்ஸில் வந்து இறங்கினான். என்ன சொல்வானோ என்று எழுந்து நின்றேன். ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடிச் சொன்னான்.

"நீங்க ஹெல்மெட் வார மாட்டிவிட்டது... ஞாபகம் இருக்கு ஏட்டையா. கழட்டுனது... ஞாபகம் இல்ல."

நான் ரிட்டையராகும்போது மலைப்பாதையில் ஹெல்மெட் சட்டத்தைச் சிறப்பாக அமல்படுத்தியதற்காக ஒரு நற்சான்று கொடுத்தார்கள், அதில் பெயர் தப்பு, இருக்க வேண்டியது பஞ்சர் கடை முத்தையா.