பாதி ஆப்பரேசன்

என் நோய் ஊருக்குத் திருப்தியாக இல்லை. மார்பில் புற்றுநோய் என்றால் மார்பை எடுத்திருக்க வேண்டும். எனக்குக் கட்டியையும், சுற்றிக் கொஞ்சம் சதையையும், அக்குளில் நெறிக்கட்டியையும் மட்டும் எடுத்தார்கள்.

பார்க்க வந்தவர்கள் ஆரஞ்சும் ரொட்டியும் கொண்டுவந்தார்கள். யாரும் முகத்தைப் பார்க்கவில்லை. முந்திரிக்கொட்டை உடைக்கிற இடத்தில் என் பக்கத்தில் உட்காருகிறவள் வாய்விட்டே கேட்டாள்.

"என்னடி, ரெண்டும் இருக்கு?"

ஆரஞ்சைத் திரும்ப எடுத்துக்கொண்டு போவாளோ என்று நினைத்தேன்.

டாக்டரம்மா சொன்னது இவ்வளவுதான். முழுசாக எடுத்தாலும் இப்படி எடுத்தாலும் ஆயுசு ஒன்றுதான். ஆனால் கரண்டு வைப்பதை, அதாவது கதிர்வீச்சை, ஒரு நாளும் விடக்கூடாது. மிச்சம் இருக்கிற இடத்தில் திரும்ப வரக் கொஞ்சம் வாய்ப்பு உண்டு, வருசாவருசம் படம் எடுக்க வேண்டும்.

தஞ்சாவூருக்குப் போய்ப் போய் வந்தேன். தோல் கருத்து, உரிந்து, ஆறியது. மூன்று வருசமாகத் திரும்பவும் கொட்டை உடைக்கிறேன்.

என் வீட்டுக்காரரின் அக்காவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை.

"பாதி ஆப்பரேசன். வெசத்த உள்ள வச்சுத் தச்சுட்டாங்க. நீயும் ஈன்னு வந்துட்ட."

"மிச்சத்த ஒங்களுக்குத் தரவா மதினி?"

"பேசு. வரட்டும், அப்பப் பேசு."

இந்த வருசம் தழும்புக்கு அடியில் கல் மாதிரி ஒன்று தட்டுப்பட்டது. மதினியிடம் சொன்னேன். ஊரில் இதைக் கேட்க இத்தனை காலம் காத்திருந்தவர் அவர் ஒருவர்தானே.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்றார். அடுத்த பஸ்ஸுக்கு எனக்கு முன்னால் போய் நின்றார்.

படம் எடுத்து, ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். முடிவுக்கு ஒரு வாரம். அந்த வாரம் மதினி "நான் சொன்னேன்ல" என்பதை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

முடிவு வாங்க இருவரும் போனோம்.

"பழைய காயத்துல கொழுப்பு இறுகிருக்கு. நோய் இல்லம்மா" என்றார் டாக்டரம்மா.

"நல்லாப் பாத்தீங்களா?" என்றார் மதினி.

"பாத்துட்டேம்மா."

"இன்னொருக்கா பாருங்க."

பார்த்தார். இல்லை.

பஸ்ஸில் ஏறியதும் கேட்டேன். "என்ன மதினி, ஏமாந்துட்டீங்களா?"

"வாய மூடுடி" என்று என் கையைப் பிடித்தார். கந்தர்வக்கோட்டை தாண்டியும் விடவில்லை. அது ஆப்பரேசன் செய்த பக்கத்துக் கை. வலித்தது. சொல்லவில்லை.