மோட்டாரு மேல ஒரு ஈரச்சாக்கு

மாடியில பேரன் சூரியத் தகடு மாட்டியிருக்கான், கவர்மெண்டு ஒத்தாசையில. வெயிலு கரண்டாகுதாம், எனக்குச் சந்தோசம் தாங்கல. தொட்டுப் பாத்தா சுட்டுச்சு. சட்டுன்னு கை ஈரச்சாக்கத் தேடுது. எங்க மதினி ஞாபகந்தேன்.

மதினின்னா எங்க அண்ணன் பொஞ்சாதி. சிவகாசியில தீக்குச்சிக்கு மருந்து முக்குற செட்டுல தீப்பிடிச்சு அண்ணன் போயிட்டாரு. அவரை இழுக்கப்போன மதினிக்கு வலது கை வெரலெல்லாம் ஒட்டிப்போச்சு. அந்தக் கைய வச்சு எப்பிடிக் குச்சி அடுக்க? ஒரு கம்பெனியிலயும் சேக்கல. அப்பத்தேன் ஆனைக்குட்டம் பக்கம் எங்க தீப்பெட்டிச் சொசைட்டிக்குக் கவர்மெண்டு ஒரு மிசினு குடுத்துச்சு. கரண்டுல ஓடும், குச்சிய அதுவே அடுக்கும். எங்க ஊருக்குக் கரண்டு வந்ததே அப்பத்தேன், பல்பப் பாத்து எங்க மாமியா கும்புட்டா, அது தனிக் கதை. மிசினக் கண்டு நாங்கெல்லாம் பயந்து தள்ளி நின்னோம். மதினிதேன் கிட்டப் போனாக. பிடியத் தள்ள உள்ளங்கை போதும்லா.

பெரிய ஆபீசரு வந்து பாப்பாரு, ஓடலைன்னா வேற ஊருக்குத் தூக்கிருவோம்னு சொல்லியிருந்தாக. அவரு வார அன்னைக்குன்னு மோட்டாரு கொதிச்சுச்சு. எங்க செட்டுல எது சுட்டாலும் ஈரச்சாக்குதேன். மதினியும் நனைச்சுப் போட்டாக. தண்ணி மோட்டாருக்குள்ள எறங்கவும் டப்புன்னு ஒரு சத்தம், மிசினு நின்னுபோச்சு.

வயர்மேன் ஓடியாந்து மோட்டாரக் கழத்தி வெயில்ல காயவச்சாரு. நாங்க சொளகால விசுறுறோம், இருக்கன்குடி ஆத்தாளக் கூப்புடுறோம். திரும்ப மாட்டி முடிக்கல, ஜீப்பு வந்துருச்சு. "தானா நின்னுச்சுன்னு சொல்லிருத்தா"ன்னு வயர்மேன் கிசுகிசுத்தாரு. மதினி அதுக்கு ஒத்துக்கல.

"சாக்குப் போட்டது நாந்தேன்யா. சூடாச்சுன்னா எங்களுக்கு அடுத்தது தீதேன்."

ஆபீசரு அந்தக் கையவே பாத்தாரு. மாட்டி முடிச்சதும் மிசினப் போடச் சொன்னாரு. மிசினு முனங்குச்சு, நின்னுச்சு. மறுக்காப் போடவும் கடகடன்னு ஓடுச்சு. அவரு போகாம அங்கனயே நின்னாரு. மோட்டாரு சூடேறவும் தன் கைய அது மேல வச்சாரு.

"வேல செஞ்சா இம்புட்டுச் சூடு இருக்கும்மா. நீங்களும் வச்சுப் பாருங்க."

மதினி மொகம் வெளுத்துப்போச்சு. கை கிட்டப் போகுது, திரும்புது. கடைசியில அந்த வெந்த கையவே வச்சாக. கண்ண மூடிக்கிட்டாக, கைய எடுக்கல. அம்புட்டுதேன், மிசினு எங்க ஊர்லயே தங்கிருச்சு, மதினிக்கு வேலையும் நெலச்சுச்சு.

இப்பக் கீழ இருந்து பேரன் சத்தம் போடுறான், என்ன ஆச்சி செய்யுறீகன்னு. தகடு மேல கைய வச்சுக்கிட்டு நிக்கேன்லே. நல்லாச் சுடுது.