1969-க்கு ஒரே வரி

மேற்கு வர்ஜீனியாவில் நிலக்கரியை நம்பிப் பிழைத்த ஊர் கார்வர்ஸ் ஃபோர்க். அந்த ஊர்ப் பத்திரிகையில் ‘வரலாற்றில் இன்று’ பகுதியை முப்பத்தொன்பது வருஷம் எழுதியவள் வெர்னா. மொத்தம் ஐந்தே வரி. ஓர் ஆண்டுக்கு ஒரு வரிக்கு மேல் கூடாது என்பது பழைய ஆசிரியர் போட்ட சட்டம். மனிதர் போய்ச் சேர்ந்தும் சட்டம் போகவில்லை.

அந்தச் சட்டம்தான் அவள் தலையில் கல்லைப் போட்டது. 1969 ஜூலை 20, ஞாயிற்றுக்கிழமை. தண்ணீர் இறைக்கும் மோட்டாரைப் பழுதுபார்க்கச் சுரங்கத்தில் இறங்கிய ஆறு பேர் மேலே வரவில்லை. அதில் ஒருவன் டெல்பர்ட், வெர்னாவின் கணவன். கல்யாணமாகிப் பதினான்கே மாதம். நிலாவில் மனிதன் நடப்பதை ஊரே டி.வி. முன் உட்கார்ந்து பார்த்தபோது, அவள் சுரங்க வாசலில் நின்றாள். மறுநாள் முதல் பக்கம் முழுக்க நிலா. ஆறு பேரும் ஏழாம் பக்கத்தில், டயர் விளம்பரத்துக்குக் கீழே.

அடுத்த வருஷம் அதே பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஜூலை வந்தால் கேட்பாள்.

“நிலாவைத் தூக்கிட்டு சுரங்கத்தைப் போடச் சொல்றியா? ஊரு சிரிக்கும்மா” என்பார் ஆசிரியர். அடுத்து வந்தவர்களும் வேறு பதில் சொல்லவில்லை. பிறகு கேட்பதையே விட்டுவிட்டாள். வருஷாவருஷம் நிலாவின் வரியைத் தன் கையாலேயே எழுதினாள். இதைவிடக் கொடுமை ஒரு பெண்ணுக்கு வேறென்ன வேண்டும்?

2009-இல், புதிய ஆசிரியர் ரஸ்ஸல் அவளைக் கூப்பிட்டான். “ஆகஸ்டுலேர்ந்து இந்தப் பகுதி வெளியேயிருந்து ரெடிமேடா வந்துடும், வெர்னா. உங்களுக்கும் ரெஸ்ட் வேணாமா?”

ஆக, அவள் கைக்கு வரும் கடைசி ஜூலை 20 அதுதான். இந்தத் தடவை யாரையும் கேட்கவில்லை. 1969-க்கு நேரே ஆறு பெயர்களையும் எழுதினாள். நிலாவுக்கு அன்று நாற்பதாம் ஆண்டு நிறைவு வேறு. அவள் எழுதியதை யாரும் சரிபார்ப்பதில்லை, அப்படியே அச்சாகிவிட்டது.

அன்று திங்கட்கிழமை. எட்டு மணிக்கெல்லாம் அலுவலகத் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். டெல்பர்ட் பேரைப் பார்த்தேன் என்று ஒரே ஓர் ஆள் சொன்னால் போதும் அவளுக்கு. மதியத்துக்குள் பதினேழு பேர் கூப்பிட்டார்கள். பதினேழு பேரும் நிலாவைக் காணோம் என்றார்கள். ‘நிலாவுக்கு யாருமே போகலைங்கிற கோஷ்டியில நீங்களும் சேர்ந்தாச்சா’ என்றுகூட ஒருவர் கேட்டார்.

அப்புறம் டெல்பர்ட்டின் தம்பி ஹோபர்ட் கூப்பிட்டான். குரலைக் கேட்டதும் அவளுக்கு உயிர் வந்தது.

“என்ன அண்ணி, நிலாவைப் போய் விட்டுட்டீங்க? காபி குடிக்கப் போன இடத்துல எல்லாரும் என்னை ஓட்டுறானுங்க, உங்க அண்ணிக்கு வயசாயிடுச்சுன்னு.”

“மத்த வரியெல்லாம் படிச்சியா, ஹோபர்ட்?”

“அதையெல்லாம் யாரு படிக்கிறா? நிலாவைத் தேடினேன், இல்ல. மடிச்சு வெச்சுட்டேன்.”

“இன்னிக்கு என்ன நாள்னு ஞாபகம் இருக்கா?”

“இல்லாம என்ன? நிலாவுல கால் வெச்ச நாள்.”

சொந்தத் தம்பியே மறந்த பிறகு ஊரை நொந்து என்ன பயன்? “ஆமாப்பா, வயசாயிடுச்சு” என்று வைத்துவிட்டாள்.

சாயங்காலம் ரஸ்ஸல் வந்தான். “நாளைக்கு ஒரு திருத்தம் போட்டுடுங்க.”

“நிலா விடுபட்டுப் போச்சுன்னு போடவா?”

“விடுபட்டுச்சுன்னா 1969-க்கு ரெண்டு வரி ஆயிடுமே. வந்த வரி தப்பு, அதுக்குப் பதிலா இதைப் படிங்கன்னு போடுங்க.” வந்த வரி என்ன என்று அவனும் கேட்கவில்லை.

வெர்னா தட்டச்சு செய்தாள். ‘நேற்றைய வரலாற்றில் இன்று பகுதியில் 1969-ஆம் ஆண்டுக்கான செய்தி தவறாக வெளியாகிவிட்டது. அதற்குப் பதிலாக, நிலாவில் மனிதன் முதன்முதலாகக் கால் வைத்தான் என்று படிக்கவும். தவறுக்கு வருந்துகிறோம்.’ எழுத்துப்பிழை இருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பார்த்தாள். இல்லை. அச்சுக்கு அனுப்பிவிட்டாள்.