பாண்டுக்கு வைத்த பொட்டு

சிங்கவரம் விருத்தாம்பாளுக்கு மருமகள் மணிமொழியைக் கண்டாலே ஆகாது. மகன் எழிலரசன் பட்டாளத்தில் சேர்ந்ததும் எடுத்த இன்சூரன்ஸ் பாண்டில், நாமினி என்ற இடத்தில் இருந்தது அம்மா பேர்தான். மகன் பேருக்குக் கீழே தன் பேர் அச்சாகியிருந்ததில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. எட்டு வருஷமாக, வெள்ளிக்கிழமை தவறாமல், அந்தப் பாண்டுக்கு மஞ்சள் தடவிப் பொட்டு வைத்துச் சாமி படத்தடியில் வைத்திருந்தாள்.

இந்த லீவில் மகன் செஞ்சியிலிருந்து ஏஜென்ட்டைக் கூட்டி வந்துவிட்டான்.

"கொழந்த பொறந்தாச்சு. போஸ்டிங்கும் எல்லைப் பக்கம் மாறிடுச்சு. பழைய தொகை பத்தாது, கூட்டணும். நாமினியும் சம்சாரம் பேருக்கு மாத்திடலாம்," என்றார் ஏஜென்ட்.

விருத்தாம்பாளுக்கு வயிறு எரிந்தது. "இன்னாத்துக்குடா மாத்தணும்? நேத்து வந்தவளுக்கு இதுலயும் பங்கா?"

ஏஜென்ட் புதுப் பாரத்தை வாசித்துக் காட்டினார். "பாலிசிதாரர் இறந்துட்டா இந்தத் தொகை மணிமொழிக்கு..."

"நிறுத்துங்க!" மணிமொழி குழந்தையை இறுக்கிக்கொண்டு உடைந்து அழுதாள். "அத்தே, எனக்கு வேணாம். உங்க பேரே இருக்கட்டும்."

கேட்டது கிடைத்துவிட்டது. விருத்தாம்பாளுக்கு எரிச்சல் மட்டும் அடங்கவில்லை. இப்போது அந்த அழுகையின் மேல் பொறாமை. எட்டு வருஷம் பொட்டு வைத்த பெற்றவளுக்கு ஒரு நாளும் நினைவுக்கு வராத சாவு, நேற்று வந்தவளுக்கு முதலில் வந்துவிட்டதே!