எழுத மறுத்த டிவிடி

கம்பைநல்லூரில் சொந்தமாக வீடியோ எடிட்டிங் கடை போட்ட புதிதில், என் முதல் கல்யாண ஆர்டரை டிவிடியாகத்தான் கேட்டார்கள். எல்லோரும் யூடியூப் லிங்க் கேட்கிற காலத்தில் டிவிடியா என்று சிரித்தேன். கல்யாணப் பெண்ணே நேரில் வந்து காரணம் சொன்னதும் சிரிப்பு அடங்கிவிட்டது.

கல்யாண வாரத்தில் அவள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. சேலத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே, குறித்த முகூர்த்தத்தைத் தள்ளக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தாராம். பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்க அவருக்குப் பதிலாகச் சித்தப்பா நின்றார். இப்போது அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். வலது கை வரவில்லை. போனில் படம் காட்டினால் கண்ணுக்குப் பிடிபடவில்லை. வீட்டில் இருப்பது பழைய பெட்டி டிவியும் ஒரு டிவிடி பிளேயரும்தான். மறுநாள் காலை அவளும் மாப்பிள்ளையும் பொம்மிடியில் ரயிலேறி பெங்களூர் போகிறார்கள்.

“இன்னிக்கு சாயந்திரம் அப்பா பக்கத்துல உக்காந்து பாத்துடணுங்க்கா. போயிட்டா மறுபடி எப்ப லீவு கெடைக்குமோ” என்றாள்.

“மதியத்துக்குள்ள குடுத்துடறேன்” என்று கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னேன்.

எடிட்டிங் ஏற்கெனவே முடிந்திருந்தது. மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், சீர்வரிசை என்று பகுதி பிரித்து, மெனு போட்டு, டிவிடி செய்யும் மென்பொருளிடம் கொடுத்தேன். பாதிவரை ஒழுங்காக ஓடியது. மெனுவைச் சேர்க்கும் இடத்தில் நின்று, ‘தெரியாத பிழை’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி காட்டியது. அதற்கே தெரியாதென்றால் எனக்கு யார் சொல்வது? வேறு டிஸ்க் போட்டேன். எழுதும் வேகத்தைக் குறைத்தேன். மெனுவில் இருந்த ரோஜாப்பூவையும் பறக்கிற இதயங்களையும் தூக்கினேன். அது ஒரு வகையில் நல்லதுதான். இடம் பற்றவில்லையோ என்று கம்ப்யூட்டரில் இருந்த என் சொந்தப் படங்களைக்கூட அழித்தேன். ஒவ்வொரு முறையும் அதே இடம், அதே வரி. எனக்குப் பொறுமை கிடையாது. மேசைக்குக் கீழே இருந்த சிபியுவை ஓர் உதை விட்டேன்.

கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் புதுத் தாலிக்கயிறோடு உட்கார்ந்திருந்த அந்தப் பெண் என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. “டீ வாங்கியாரட்டுங்களா அக்கா?” என்றுதான் கேட்டாள். அவள் முகம் சுளித்திருந்தால் அன்றைக்கே நான் கடையைப் பூட்டியிருப்பேன்.

கடைசியில் என் தோழிக்குப் போன் செய்தேன். நான் முன்பு சம்பளத்துக்கு இருந்த தருமபுரி ஸ்டுடியோவில் எனக்குப் பக்கத்து கம்ப்யூட்டரில் வேலை பார்த்தவள். இப்போது அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலை ஓரம் கணவரோடு சாப்பாட்டுக் கடை நடத்துகிறாள். சரியான பந்தி நேரம். லாரி ஹாரனுக்கு நடுவே யாரோ சாம்பார் கேட்கும் குரல் வந்தது. போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். அவளோ கரண்டியைக் கணவர் கையில் திணித்துவிட்டு வெளியே வந்தாள்.

“அங்க நாம ஓட்டுன அதே சாஃப்ட்வேர்தானடி? அங்க வராத எர்ரர் இங்க ஏன் வருது? நீ புதுசா என்ன பண்ணுன?”

“ஒண்ணும் பண்ணலடி.”

“ஃபோல்டருக்கு என்ன பேரு வச்ச, படி.”

படித்தேன். முதல் வேலையாயிற்றே என்று, புதுக் கணக்கு தொடங்குகிற மாதிரி முன்னால் பிள்ளையார் சுழி போட்டு, ‘பிள்ளையார் துணை’ என்று தமிழிலேயே பெயர் வைத்திருந்தேன். உள்ளே இருந்த ஒவ்வொரு வீடியோவின் பெயருக்கு முன்னும் ஒரு சுழி. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சிரிப்பு மட்டும் கேட்டது.

“அந்தப் பழைய சாஃப்ட்வேருக்கு இங்கிலீஷ் எழுத்தத் தவிர வேற ஒண்ணும் ஆவாதுடி. பிள்ளையாரைக் கொஞ்சம் எறக்கி வையி.”

முதல் வேலையிலேயே சுழியை அழிப்பதா என்று கை தயங்கியது. முதலில் டிஸ்க்கின் மேல் மார்க்கரால் அதைப் போட்டேன்; பிறகுதான் பெயர்களை மாற்றினேன். மென்பொருள் மறுபேச்சு பேசாமல் வேலையை முடித்தது. வெயில் தாழும்போது அந்தப் பெண் டிஸ்க்கோடு பஸ் ஏறினாள். தோழியும் மறக்காமல் கூப்பிட்டு, “முடிஞ்சுதா?” என்று கேட்டாள். நேரில் நன்றி சொன்னால் அடிக்க வருவாள் என்பதால் இங்கே சொல்லிக்கொள்கிறேன். கொதிக்கிற அடுப்பை விட்டுவிட்டு எனக்காக ரோட்டில் நின்றாளே, அதை நான் மறக்க மாட்டேன்.

மறுநாள் ரயிலிலிருந்து கல்யாணப் பெண் பேசினாள்.

“தாரை வார்க்கற எடம் வந்ததும் அப்பா நிறுத்தச் சொன்னாருங்க்கா. சொம்புல தண்ணி கேட்டாரு. என்னையும் எங்க வீட்டுக்காரரையும் முன்னால உக்கார வச்சு எங்க கை மேல ஊத்துனாரு. அவருக்குக் கை வரலீங்களே, அம்மாதான் மணிக்கட்டப் புடிச்சுக்கிட்டாங்க. பாதித் தண்ணி பாயிலதான் கொட்டுச்சு. ஆனா இப்ப என்னைக் குடுத்தது எங்கப்பாங்க்கா.”