காட்டு ட்ரோனும் கல்யாண வீடியோவும்

ட்ரோனுக்கு வண்டி ஓட்டுகிற தொழிலில் முதலில் தேய்வது டயர் இல்லை, கழுத்து. வாடகை வண்டி ஓட்டிப் பாடுபடுகிற அண்ணன் தம்பிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. திருவனந்தபுரம் ஆரியசாலைச் சந்தையில் அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த என் ஜீப்பு இப்போது காட்டிலாகாவுக்கு ஓடுகிறது. வேட்டைக்காரர்களை மேலேயிருந்து பார்த்துப் பிடிக்க ஒரு ட்ரோன், அதைப் பறக்கவிட சினேகா என்று ஒரு மலையாளத்துப் பிள்ளை, ஓடிப்போய்ப் பிடிக்க வாச்சர் பாஸ்கரனும் அவர் ஆட்களும்.

மலைக்குள் ஒரு குட்டை. தாய் மிளா ஒன்று குட்டியோடு தண்ணீர் குடிக்க வரும். மானில் பெரிய ஜாதி அது, கறியும் அதிகம், அதனால் வேட்டைக்காரர்களுக்கு அதன் மேலேயே கண். ரேஞ்சர் ஐயா கறாராகச் சொல்லிவிட்டார். கார்த்திகை முடிவதற்குள் ஒருத்தனையாவது பிடிக்காவிட்டால் ட்ரோன் திரும்பிப் போய்விடும். அப்புறம் அந்தக் குட்டைக்குக் காவல் யார்?

ஜவுளிக்கடை அண்ணாச்சி

கயிறு வாங்கச் சாலைக் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். முன் சீட்டில் ட்ரோன் பெட்டி. திருவனந்தபுரத்தில் ட்ரோன் என்றால் கல்யாணம்தான். தலைக்கு மேலே இரைச்சல் கேட்டால் போதும், ரோட்டில் போகிறவனெல்லாம் தலைமுடியைக் கோதிக்கொள்வான். ஜவுளிக்கடை அண்ணாச்சி பெட்டியைப் பார்த்துவிட்டார். மகளுக்கு முகூர்த்தம் குறித்தாயிற்றாம், மண்டபத்துக்கு மேலேயிருந்து எடுக்க என்ன ரேட்டு என்றார். இது காட்டில் மிளாவைக் காப்பாற்றுகிற ட்ரோன் என்று பணிவாகத்தான் சொன்னேன். மனுஷனுக்கு முகம் சுண்டிவிட்டது.

"மிளாவுக்கு வீடியோ எடுப்பீங்க, என் மருமகனுக்கு எடுக்க மாட்டீங்க, அப்படித்தானே?"

சந்தனப் பொட்டு

ஆயுத பூஜைக்கு ட்ரோனையும் வைக்கலாமா என்று சினேகாவிடம் கேட்டு, பெட்டியோடு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் வீட்டுக்காரி ஜீப்பு, ஜாக்கி, அரிவாள்மணை எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தாள். மறுநாள் பறக்கவிட்டால் திரை முழுக்க மஞ்சள் மூட்டம். "மலையில மஞ்சு இறங்கியிருக்கு" என்று பாஸ்கரன் ஆட்களை உட்காரச் சொல்லிவிட்டார். எங்கள் தலைக்கு மேலே வெயில் சுட்டெரிக்கிறது, நாங்கள் பனிமூட்டம் கலையட்டும் என்று டீ குடித்துக்கொண்டிருக்கிறோம். கீழே இறக்கிப் பார்த்தால் கேமரா மேல் வட்டமாக, அழகாக, கெட்டிச் சந்தனம். வீட்டுக்காரிக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டேன்.

"நெத்தின்னு நெனச்சுத்தான் வச்சேன். கண்ணு ஒண்ணேஒண்ணுதான்னு நீங்க சொன்னீங்களா?"

பஞ்சாரத்துக்குள்ளே

ஒரு நாள் பருந்து ஒன்று ட்ரோனை அடித்துவிட்டது. அது சுற்றிச் சுற்றி மலையடிவாரத்து வீடுகள் பக்கம் போய் விழுந்தது. வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு போனோம். ஒரு முற்றத்தில் கோழி மூடுகிற பஞ்சாரம் கவிழ்ந்திருக்கிறது, பறந்துவிடாமல் இருக்க மேலே அம்மிக்குழவி. தூக்கிப் பார்த்தால் உள்ளே எங்கள் ட்ரோன், ஒரு இறக்கை முறிந்து. சினேகாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த வீட்டம்மாள் பயந்துபோய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் ஒண்ணும் செய்யல மோளே! அரிசி போட்டேன், தண்ணி வச்சேன், அதுதான் ஒண்ணையும் தொடல."

சிரித்த முகம்

இறக்கை மாற்றி வருவதற்குள் கார்த்திகையின் கடைசி நாள் வந்துவிட்டது. சாயங்காலம் மேட்டு ரோட்டில் ஜீப்பை நிறுத்திப் பறக்கவிட்டோம். திரையில் குட்டை தெரிந்தது. தாய் தண்ணீரில் வாய் வைத்திருக்கிறது, குட்டி அதன் வயிற்றடியில். இந்தப் பக்கம் பாறை மறைவில் இரண்டு பேர், ஒருத்தன் துப்பாக்கியைத் தோளில் ஏற்றிவிட்டான். பாஸ்கரன் ஆட்கள் சரிவில் இறங்கி ஓடுகிறார்கள், ஆனால் தூரம் இருக்கிறது. ட்ரோன் கிட்டே போனால் இவன்கள் ஓடிவிடுவான்கள், போகாவிட்டால் மிளா போய்விடும். சினேகா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஆளு போனாப் போகட்டும், இறக்கு மோளே" என்றேன்.

இறக்கினாள். இரைச்சல் கேட்டதும் தாயும் குட்டியும் ஒரே பாய்ச்சலில் புதருக்குள் போய்விட்டன. இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஓடப் போகிறார்கள் என்று நினைத்தேன். துப்பாக்கியைப் பாறைக்குப் பின்னால் தள்ளினான் ஒருத்தன். மற்றவன் கை மெல்ல மேலே போய்த் தலைமுடியைக் கோதியது!

சினேகாவுக்கு அது போதும். ட்ரோனில் ஒலிபெருக்கி உண்டு. மலையாளத்தில் தேன் ஒழுகச் சொன்னாள்: "சேட்டன்மாரே, கல்யாண வீடியோ எடுக்கிறோம். பொண்ணும் மாப்பிள்ளையும் இப்ப வருவாங்க. அதுவரைக்கும் நீங்க ஒண்ணு நடந்து காட்டுங்க, வெளிச்சம் பார்த்துக்கறோம்." நடந்தார்கள். மெதுவாக நடக்கச் சொன்னாள், மெதுவாக நடந்தார்கள். தோளில் கை போட்டு, சிரித்துக்கொண்டு, திரும்பவும் நடந்தார்கள். பாஸ்கரன் ஆட்கள் வந்து முதலில் துப்பாக்கியை எடுத்தார்கள், அப்புறம் இவர்களை. ஜீப்பில் வரும்போது, தலைமுடியைக் கோதியவன் என் காதருகே குனிந்தான்.

"அண்ணாச்சி, ரெண்டாவது தடவை நடக்கும்போது நான் கண்ணை மூடிட்டேனோன்னு ஒரு சந்தேகம், அந்தப் பிள்ளைகிட்ட கேட்டுச் சொல்லுவீங்களா?"

ட்ரோன் எங்களோடேயே இருக்கிறது, தாயும் குட்டியும் குட்டைக்கு வருகின்றன, என் கழுத்து மட்டும்தான் இன்னும் வானத்திலிருந்து இறங்கவில்லை.